மஸ்டரில் பேர் இருந்ததா? போரில் பறந்த பெண் விமானிகள்: ஓர் எளிய விளக்கம்

தண்டையார்பேட்டையில் எங்கள் கீழ்வீட்டுப் பெண் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். குடியரசு தினப் பேச்சுப் போட்டிக்கு அவளுக்குக் கிடைத்த தலைப்பு ‘போர்க்களத்தில் பெண் விமானிகள்’. எழுதியதைத் திருத்தித் தரச் சொல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நோட்டோடு மாடியேறி வந்தாள். பின்னாலேயே டீ டம்ளரோடு அவளுடைய தாத்தா. துறைமுகத்தில் முப்பது வருஷம் மூட்டையும் பெட்டியும் தூக்கியவர்.

“இரண்டாம் உலகப் போரில் ஆயிரக்கணக்கான பெண்கள் போர் விமானம் ஓட்டி எதிரிகளைச் சுட்டு வீழ்த்தினர். கார்கிலில் நம் வீர மங்கையர் போர் விமானத்தில் பறந்து குண்டு மழை பொழிந்தனர்.” முதல் பத்தியை அவள் ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டினாள். கைதட்டல் கட்டாயம் கிடைக்கும். ஆனால் பாதி தப்பு.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. மகளிர் தினத்துக்கு வாட்ஸ்அப்பில் சுற்றுவதும் இதே கதைதான். இன்னொரு பக்கம், “பொம்பளைங்க எங்கே சண்டையில பறந்தாங்க, எல்லாம் சும்மா போட்டோவுக்கு” என்று ஒரே போடாகப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு தரப்பும் செய்கிற தவறு ஒன்றுதான். ‘போர் விமானி’ என்ற ஒரு சொல்லுக்குள் நாலைந்து விதமான வேலைகளை அள்ளிப் போட்டுக் கலக்கிவிடுகிறார்கள்.

பேத்தி வாசித்து முடித்ததும் தாத்தா ஒரே ஒரு கேள்வி கேட்டார். “அதெல்லாம் சரிம்மா, அவங்க பேரு மஸ்டர்ல இருந்துச்சா?”

மஸ்டர் என்றால் என்ன என்று வட சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: வேலையாட்களின் அதிகாரபூர்வமான பெயர்ப் பதிவேடு. துறைமுகமோ மணலி கம்பெனியோ, ஒரே பெட்டியை இரண்டு பேர் தூக்குவார்கள். ஒருவர் பேர் மஸ்டரில் இருக்கும், இன்னொருவர் பேர் கான்ட்ராக்டரின் பாக்கெட் நோட்டில் இருக்கும். பெட்டி காலில் விழும்வரை இரண்டு பேருக்கும் வித்தியாசம் தெரியாது. விழுந்த பிறகுதான் தெரியும்.

நான் வைத்திருந்த விளக்கத்தைவிட இந்தக் கேள்வி நேராக விஷயத்துக்குப் போனது. அதையே பிடித்துக்கொண்டு போகலாம்.

போர் என்பது பெரும்பாலும் சுமை வேலை

1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் மெட்ராஸ் மேல் குண்டு போட்டது. கெட்டிக்காரனை ‘அவன் எம்டன்’ என்று நாம் சொல்வது அந்தக் கப்பலை வைத்துத்தான். அது எதைக் குறிவைத்தது? கோட்டையையோ சிப்பாய்களையோ அல்ல. துறைமுகத்துப் பக்கத்தில் இருந்த எண்ணெய் டாங்கிகளை. எண்ணெய் போனால் கப்பல் ஓடாது, சரக்கு போகாது, தூரத்தில் எங்கோ சண்டை தானாகவே நொண்டும்.

விமானப் படையும் இப்படித்தான். வானத்தில் சுடுவது அதன் வேலையில் ஒரு பகுதி மட்டுமே. தொழிற்சாலையில் செய்த விமானத்தைப் படைத்தளத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பழுது பார்த்ததை ஓட்டிப் பார்க்க வேண்டும். புதிய ஆட்களுக்குப் பழக்கித் தர வேண்டும். மருந்தும் ஆளும் ஏற்றிப் போக வேண்டும். இத்தனைக்கும் விமானி வேண்டும்.

இங்கேதான் சிக்கல். தொழிற்சாலை வேகம் பிடித்துவிட்டால் விமானங்கள் வரிசையாக வந்து விழும். விமானி அப்படி வரமாட்டார். ஒருவரைத் தயார் செய்யப் பல மாதம் ஆகும். அதனால் ஏற்கெனவே பறக்கத் தெரிந்த யாராவது வீட்டில் சும்மா இருக்கிறார்களா என்று நாடுகள் தேட ஆரம்பித்தன. 1930களில் பொழுதுபோக்காகவோ தொழிலாகவோ பறக்கக் கற்றிருந்த பெண்கள் அப்போதுதான் அரசாங்கங்களின் கண்ணில் பட்டார்கள்.

ஆக, பெண்களைக் கூப்பிட்டதற்கு முதல் காரணம் சமத்துவக் கொள்கை அல்ல, ஆள் பற்றாக்குறை. எந்த வேலைக்குக் கூப்பிட்டார்கள் என்பது நாட்டுக்கு நாடு மாறியது.

எண்ணூரில் கார் ஏற்றுகிறவர்கள்

எண்ணூர் காமராஜர் துறைமுகத்திலிருந்து புதுக் கார்கள் கப்பலில் போகின்றன. ஒவ்வொரு காரையும் ஒரு டிரைவர் உட்கார்ந்து ஓட்டித்தான் கப்பலுக்குள் ஏற்றுகிறார். இறங்குவார், திரும்பி வருவார், அடுத்த கார். இன்றைக்கு ஒரு மாடல், நாளைக்கு வேறு. எதுவும் அவருடையது இல்லை. ஆனால் எதைக் கொடுத்தாலும் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

இதையே விமானத்தில் செய்பவர் ஃபெர்ரி விமானி. பிரிட்டனில் இதற்கென்றே ஏர் டிரான்ஸ்போர்ட் ஆக்ஸிலியரி என்ற அமைப்பு இருந்தது. 1940 ஜனவரியில் பாலின் கோவர் என்பவரின் தலைமையில் எட்டுப் பெண்கள் அதில் சேர்ந்தார்கள். முதலில் கொடுத்தது கூரையில்லாத சின்னப் பயிற்சி விமானங்கள் மட்டும், அதுவும் இங்கிலாந்தின் குளிர்காலத்தில். போர் முடிவதற்குள் 160-க்கும் மேற்பட்ட பெண்கள் அங்கே பறந்தார்கள். ஸ்பிட்ஃபயர் சண்டை விமானம் முதல் நான்கு இஞ்சின் குண்டுவீச்சு விமானம் வரை ஓட்டினார்கள்.

எப்படி? மோதிரக் கம்பியில் கோத்த சின்ன அட்டைக் கட்டு ஒன்று ஒவ்வொருவரிடமும் இருக்கும். ஒரு விமான வகைக்கு ஓர் அட்டை. எந்த வேகத்தில் எழும்ப வேண்டும், எந்த வேகத்தில் இறங்க வேண்டும், எந்தப் பிடி எங்கே இருக்கிறது. இதுவரை தொட்டுக்கூடப் பார்க்காத விமானத்துக்கும் அந்த அட்டையைப் படித்துவிட்டு ஏறிக் கிளம்ப வேண்டும். ரேடியோ கிடையாது. கீழே தெரியும் ரயில் பாதையையும் ஆற்றையும் பார்த்து வழி கண்டுபிடிக்க வேண்டும். மேகம் மூடிக்கொண்டால் பாதையே தெரியாது. அப்போது உலகப் புகழ்பெற்ற விமானியாக இருந்த ஏமி ஜான்சன் 1941 ஜனவரியில் மோசமான வானிலையில் ஒரு விமானத்தைக் கொண்டுபோனபோது தேம்ஸ் நதி கடலில் கலக்கும் இடத்தில் விழுந்து இறந்தார்.

இந்த அமைப்பில் சேர்ந்த ஆண்களைப் பற்றி ஒரு வார்த்தை. விமானப் படை வயது, பார்வை, உடல்குறை என்று கழித்துவிட்டவர்கள் பலர். ஒரு கையும் ஒரு கண்ணும் மட்டுமே உள்ள ஒருவர்கூட இருந்தார். படை வேண்டாம் என்று ஒதுக்கியவர்களும் பெண்களும் சேர்ந்துதான் அந்தப் படைக்கு விமானம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஆரம்பத்தில் பெண்களுக்குச் சம்பளம் குறைவு. 1943இல் ஆணுக்குச் சமமாக்கப்பட்டது. அந்தக் காலத்துக்கு அது சின்ன விஷயமல்ல.

இவர்கள் போரில் பறந்தார்களா? பறந்தார்கள். எதிரியைச் சுட்டார்களா? இல்லை. இரண்டும் உண்மை.

மஸ்டருக்கு வெளியே

தாத்தாவின் கேள்வி சரியாகப் போய் ஒட்டுகிற இடம் அமெரிக்கா. 1943இல் ஜாக்குலின் காக்ரன், நான்சி லவ் என்ற இருவர் தனித்தனியாக நடத்திவந்த பெண் விமானிக் குழுக்கள் ஒன்றாக்கப்பட்டன. சுருக்கப் பெயர் வாஸ்ப். விண்ணப்பித்தவர்கள் 25,000 பேர், பயிற்சியை முடித்தவர்கள் 1,074 பேர். டெக்சாஸில் இருந்த பயிற்சித் தளத்துக்குச் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்துப் போனார்கள். அங்கே உடுத்தக் கிடைத்தது ஆண் மெக்கானிக்குகளின் தொளதொளத்த, மேலும் கீழும் ஒன்றாகத் தைத்த உடுப்பு.

விமானங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதோடு இன்னொரு வேலையும் இவர்கள் தலையில் விழுந்தது. விமானத்தின் பின்னால் நீளமான கயிறு, அதன் நுனியில் காற்றாடி வால் போலத் துணி. அந்தத் துணியைப் பார்த்துக் கீழேயிருந்து புதுப் பீரங்கிக்காரர்கள் சுட்டுப் பழகுவார்கள், நிஜக் குண்டால். குறி தப்பினால் துணிக்கு முன்னால் போகிற விமானத்தில்தான் படும், பட்டதும் உண்டு.

பி-29 என்று ஒரு பெரிய குண்டுவீச்சு விமானம் புதிதாக வந்தபோது அதன் இஞ்சின் தீப்பிடிக்கிறது என்று ஆண் விமானிகள் தயங்கினார்கள். 1944இல் பால் டிபெட்ஸ் என்ற அதிகாரி இரண்டு வாஸ்ப் பெண்களுக்குச் சில நாளில் அதைப் பழக்கி, தளம் தளமாக ஓட்டிக் காட்ட வைத்தார். தயங்கியவர்கள் வாயை மூடிக்கொண்டு ஏறினார்கள். ஹிரோஷிமாவுக்கு அணுகுண்டு கொண்டுபோன விமானத்தை ஓட்டியவரும் இதே டிபெட்ஸ்தான்.

இவ்வளவும் செய்த வாஸ்ப் பெண்கள் சட்டப்படி ராணுவத்தினர் இல்லை. சிவிலியன் ஊழியர்கள். நம் பாஷையில் கான்ட்ராக்ட். வேலையில் 38 பேர் இறந்தார்கள். சவப்பெட்டிமேல் போர்த்தக் கொடி கிடையாது, உடலை ஊருக்கு அனுப்பும் செலவைக்கூட அரசு தரவில்லை. கூட இருந்த பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வசூல் செய்து அனுப்பிவைத்தார்கள்.

இதைச் சொன்னபோது தாத்தா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். “நாங்களும் துண்டு ஏந்தியிருக்கோம்” என்றார். மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

1944 டிசம்பர் 20ஆம் தேதி வாஸ்ப் கலைக்கப்பட்டது. அமெரிக்க விமானப் படை 1970களில் பெண்களுக்கு விமானப் பயிற்சி தரப்போவதாக அறிவித்தபோது, இதுதான் முதல் தடவை என்பதுபோலச் செய்தி வந்தது. உயிரோடு இருந்த வாஸ்ப் பெண்களுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. பழைய ஆவணங்களைத் தோண்டியெடுத்துப் போராடி 1977இல் முன்னாள் ராணுவத்தினர் என்ற அங்கீகாரத்தை வாங்கினார்கள். வேலை பார்த்து முப்பத்து மூன்று வருஷம் கழித்து மஸ்டரில் பேர் ஏறியது.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பெண்கள் ராணுவ விமானங்களை ஓட்டினார்கள், அந்த வேலையில் இறந்தும் போனார்கள். ஆனால் எதிரியோடு மோதும் வேலை அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. மோதும் வேலையைப் பெண்களுக்குக் கொடுத்தது சோவியத் நாடு.

ஸ்லோ சைக்கிள் ரேஸ்

பொங்கலுக்குத் தெருவில் நடக்கும் ஸ்லோ சைக்கிள் ரேஸ் நினைவிருக்கிறதா? கடைசியாக வருகிறவருக்குத்தான் பரிசு. ஆனால் ரொம்ப மெதுவாகப் போனால் சைக்கிள் சாய்ந்து கால் தரையில் பட்டுவிடும். விமானத்துக்கும் அப்படியொரு எல்லை உண்டு. இறக்கையின் மேல் போதுமான வேகத்தில் காற்று ஓடினால்தான் அது விமானத்தைத் தாங்கும். வேகம் குறைந்தால் தாங்காது, விழும். அந்தக் குறைந்தபட்ச வேகத்துக்கு ஸ்டால் வேகம் என்று பெயர்.

இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1941 அக்டோபரில், மரீனா ரஸ்கோவா என்ற புகழ்பெற்ற பெண் வழிகாட்டி விமானியின் முயற்சியால் சோவியத் அரசு மூன்று பெண்கள் படைப்பிரிவுகளை அமைத்தது. ஒன்று சண்டை விமானப் பிரிவு, ஒன்று பகல் குண்டுவீச்சுப் பிரிவு, மூன்றாவது 588ஆம் இரவுக் குண்டுவீச்சுப் பிரிவு. மற்ற இரண்டில் பிறகு ஆண்களும் வந்தார்கள். 588இல் கடைசிவரை விமானி, வழிகாட்டி, மெக்கானிக், குண்டு மாட்டுகிறவர் எல்லோருமே பெண்கள்.

அவர்களுக்குக் கிடைத்த விமானம் போ-2. மரச்சட்டத்தின் மேல் துணி ஒட்டியது. பயிற்சிக்கும் வயலுக்கு மருந்து தெளிக்கவும் பயன்பட்ட வண்டி. இன்று தெருவில் ஓடும் ஒரு காரின் அளவுக்குத்தான் இஞ்சின் சக்தி. முழு வேகமே மணிக்கு 150 கிலோமீட்டர். பகலில் பறந்தால் நேராகச் சுடுகாடுதான்.

ஆனால் இரவில் இந்த மெதுவே ஓர் ஆயுதம். போ-2வின் முழு வேகத்தைவிட ஜெர்மன் மெசர்ஷ்மிட் விமானத்தின் ஸ்டால் வேகம் கூடுதல். ஸ்லோ சைக்கிள்காரனைப் பிடிக்க பெரிய பைக்கில் வருகிறவன் கதைதான். சைக்கிள்காரன் வேகத்துக்கு இறங்கினால் பைக்காரன் விழுவான், இறங்காவிட்டால் கண்மூடித் திறப்பதற்குள் தாண்டிப் போய்விடுவான்.

இனிச் சத்தம். எர்ணாவூர்ப் பக்கம் ஃபைபர் படகுகள் கரையேறுவதைப் பார்த்திருப்பீர்கள். கரை நெருங்கும்போது மோட்டாரைத் தண்ணீரிலிருந்து தூக்கிவிடுவார்கள். அதுவரை படபடவென்று வந்த படகு அலைமேல் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு மணலில் வந்து நிற்கும். 588ஆம் பிரிவுப் பெண்களும் இலக்கு நெருங்கும்போது இஞ்சினை அடக்கிவிட்டு, உயரத்திலிருந்து காற்றில் வழுக்கிக்கொண்டே இறங்குவார்கள். கீழே இருப்பவர்களுக்குக் கேட்பது இறக்கைக் கம்பிகளில் காற்று உரசும் ஓசை மட்டும். குண்டைப் போட்டுவிட்டு மறுபடி இஞ்சினை முடுக்கிக் கிளம்பிவிடுவார்கள். ஜெர்மானியர்கள் இவர்களுக்கு வைத்த பெயர் ‘இரவுச் சூனியக்காரிகள்’.

ஒரு விமானம் கிளம்பி, வேலை முடித்து, இறங்கினால் அது ஒரு சார்ட்டி. லாரிக்காரர் பாஷையில் ஒரு நடை. போ-2 தூக்குவது நாலைந்து சிமென்ட் மூட்டை எடைதான். ஆகவே நிறைய நடை அடிக்க வேண்டும். ஒரே இரவில் எட்டு, பத்து என்று போவார்கள். ஒன்றன்பின் ஒன்றாகச் சில நிமிட இடைவெளியில் வந்துகொண்டே இருப்பதால் எதிரி சிப்பாய்க்கு விடியும்வரை தூக்கம் கிடையாது. போர் முடியும்வரை மொத்தம் சுமார் 23,000 சார்ட்டி. ஈரினா செப்ரோவா என்ற ஒருவர் மட்டும் ஏறக்குறைய 1,000.

விமானத்தைப் பற்றிச் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்ட தாத்தா, குண்டு மாட்டுகிறவர்கள் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு குண்டு எத்தனை கிலோ?

“ஐம்பதும் உண்டு, நூறும் உண்டு.”

“கிரேன்?”

“இல்லை தாத்தா. இருட்டிலே, பனியிலே, வெறும் கையால.”

“கொக்கி கூட இல்லாமலா!” கை இரண்டையும் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

மெதுவாகப் போனால் பிடிக்க முடியாது என்பதை மந்திரம்போல எடுத்துக்கொள்ளக் கூடாது. 1943 ஜூலை 31 இரவு, தரையிலிருந்து சுடாமல் ஒரு இரவுச் சண்டை விமானத்தை எதிரி அனுப்பியபோது நான்கு போ-2 விமானங்கள் எரிந்தன. துணியும் மரமும், வேறென்ன நடக்கும்? 1944 வரை பாராசூட்கூட எடுத்துப்போகவில்லை. போரில் செய்ததற்காக அந்தப் பிரிவில் 23 பேருக்கு ‘சோவியத் நாயகர்’ விருது கிடைத்தது. இறந்த பிறகு கிடைத்தவர்களும் அதில் உண்டு.

சண்டை விமானத்தில் எதிரி விமானங்களைச் சுட்டு வீழ்த்திய பெண்களும் உண்டு. லிதியா லித்வியாக், எகத்தெரீனா புதானவா இருவரும் அதில் முன்னால் நின்றவர்கள். லித்வியாக் 1943 ஆகஸ்ட் 1 அன்று பறந்து போனவர் திரும்பவில்லை. வயது 21. உடல் கிடைக்காததால் எதிரியிடம் பிடிபட்டிருப்பாரோ என்ற சந்தேகம் விழுந்தது, விருது நின்றுபோனது. 1990இல்தான் கொடுத்தார்கள். மஸ்டரில் பேர் இருந்தும் பக்கத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டார்கள்.

அங்கே மட்டும் எப்படி முடிந்தது?

வட சென்னையில் கேரம் ஆடுகிறவர்கள் ஏன் இவ்வளவு பேர்? நமக்கென்று தனியாக விரல் வைத்துப் படைத்ததாலா? தெருவுக்குத் தெரு ஒரு கிளப்பும் ஒரு போர்டும் இருப்பதால். சோவியத் நாட்டில் 1930களில் விமானத்துக்கு அப்படிக் கிளப்புகள் இருந்தன. ஆலையில் வேலை பார்க்கிற பெண்ணும் மாலையில் போய்ப் பறக்கக் கற்கலாம். போர் வந்தபோது ரஸ்கோவாவால் ஆள் திரட்ட முடிந்தது அதனால்தான். அதற்கு மேல், நாட்டின் மேற்குப் பகுதியை எதிரி விழுங்கிக்கொண்டிருந்த நெருக்கடி வேறு.

இதனால் சோவியத் ராணுவம் பெண்களைத் தாங்கோ தாங்கென்று தாங்கியது என்று எண்ண வேண்டாம். கொடுத்ததெல்லாம் ஆண்களின் சீருடை, ஆண்களின் பூட்ஸ். கிழிந்த துணியை உள்ளே திணித்துப் போட்டுக்கொண்டார்கள். போர் முடிந்ததும் பெரும்பாலோரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

உடம்பு தாங்குமா?

இந்தக் கேள்வி எல்லா இடத்திலும் வரும். வள்ளலார் நகர் டெப்போவில் பஸ் சட்டென்று திரும்பும்போது நம்மைப் பக்கவாட்டில் ஒரு கை தள்ளுகிறதே, சண்டை விமானம் திரும்பும்போது அது பல மடங்கு. தரையில் நிற்கும்போது நம் மேல் இருக்கும் இழுப்பை ஒரு ஜி என்பார்கள். ஒன்பது ஜி என்றால் 60 கிலோ ஆள் 540 கிலோ போல இருக்கையில் அமுங்குவார். ரத்தம் காலுக்கு இறங்கி மூளைக்குப் போதாமல் கண் இருளும். காலையும் வயிற்றையும் இறுக்கிப் பிடிக்கும் உடுப்பும், தசையை முறுக்கி மூச்சை அடக்கும் பயிற்சியும் இதற்காகத்தான். ஆராய்ந்து பார்த்ததில், பயிற்சி பெற்ற பெண்கள் ஆண்களைவிடக் குறைவாகத் தாங்குவதாகத் தெரியவில்லை. உயரம் குறைந்தவருக்கு இதயத்துக்கும் மூளைக்கும் தூரம் குறைவு, அது ஒரு சௌகரியம்கூட. நிஜமான தொல்லை இருக்கையும் பெடலும் ஆண் அளவில் செய்யப்பட்டது. அது தையல்காரர் பிரச்சினை, உடம்புப் பிரச்சினை அல்ல.

கார்கிலில் நடந்தது

இப்போது அந்த நோட்டின் இரண்டாவது வரிக்கு வருவோம். 1999இல் குஞ்சன் சக்சேனா, ஸ்ரீவித்யா ராஜன் இருவரும் கார்கில் போர்ப் பகுதியில் பறந்தார்கள். ஓட்டியது போர் விமானம் அல்ல, சீட்டா என்ற சின்ன ஹெலிகாப்டர். அதில் பொருத்திய துப்பாக்கி, குண்டு எதுவும் கிடையாது. மலை முகட்டில் இருக்கும் சிப்பாய்களுக்கு மருந்தும் உணவும் போடுவது, அடிபட்டவர்களை ஏற்றிவருவது, எதிரி எங்கே இருக்கிறான் என்று பார்த்துச் சொல்வது. சுடுகிறவனுக்கு எதிரே திருப்பிச் சுட எதுவுமில்லாமல் பறப்பதை ‘குண்டு மழை பொழிந்தார்கள்’ என்று எழுதினால் அவர்கள் செய்தது பெரிதாகவில்லை, மறைந்துதான் போகிறது.

இந்தியாவில் சண்டை விமானத்துக்குப் பெண்கள் வந்தது அதற்கெல்லாம் பிறகு. 2016 ஜூன் 18 அன்று ஹைதராபாத் அருகே துண்டிகலில் அவனி சதுர்வேதி, பாவனா காந்த், மோகனா சிங் மூவரும் அதிகாரிகளானார்கள். 2018இல் அவனி தனியாக மிக்-21 ஓட்டினார்.

இங்கேயும் மஸ்டர் உண்டு. 1990களில் சேர்ந்த பெண் அதிகாரிகள் ஷார்ட் சர்வீஸ் என்ற குறுகிய காலப் பணியில்தான் எடுக்கப்பட்டார்கள். சீருடை, பதவி, சம்பளம் எல்லாம் முழுசாக உண்டு. காலக்கெடு முடிந்தால் கிளம்ப வேண்டும், ஓய்வூதியம் கிடையாது. 2022இல்தான், விமானப் படையிலிருந்து அப்படி வெளியே வந்த 32 பெண் அதிகாரிகளுக்கு ஓய்வூதியப் பலன் தருவதைப் பரிசீலிக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

போட்டியில் ஒருவருக்கு மூன்று நிமிஷம். கீழ்வீட்டுப் பெண் எல்லாவற்றையும் மறுபடி எழுதி, தாத்தாவின் கைக்கடிகாரத்தை வைத்துப் பேசிப் பார்த்தாள். ஏழு நிமிஷம் வந்தது. ஜி போயிற்று, எம்டன் போயிற்று, டிபெட்ஸ் போயிற்று. ஸ்லோ சைக்கிளை எடுக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தாள். தாத்தா, வசூல் பண்ணி அனுப்பினதை மட்டும் வெட்டக் கூடாது என்றார். இருவருக்கும் நடுவே இன்னும் இருபது விநாடியை எங்கே குறைப்பது என்று நான் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.